மூன்றாவது நிமிடத்தில் விழுந்த கோல்

(நமது சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில், இரண்டாம் தளத்தில் வசிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

இன்னும் இரண்டு நாளில் சிறாவயல் மஞ்சுவிரட்டு. போக முடியாத நாமெல்லாம் கைபேசியில்தான் பார்ப்போம். வருவது நம்ம பக்கத்துக் காளை என்று தெரிந்தால் போதும், நாற்காலியில் உட்கார முடியாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் நெஞ்சு அங்கேதான் இருக்கும். எனக்கு அப்படி ஆனது ஒரு கால்பந்து ஆட்டத்தில்.

என் பேரன் அப்போது காரியாபட்டிப் பக்கம் இருக்கிற சேது பொறியியல் கல்லூரியில் படித்தான். அந்தக் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்ததுதான் சேது எஃப்.சி. என்ற பெண்கள் கால்பந்து அணி. 2019-இல் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைக் கொண்டுவந்தவர்கள். மதுரைக்கு அந்தப் பக்கம் இப்படி ஓர் அணி இருப்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2022 மே 26. புவனேஸ்வரத்தில் லீக்கின் கடைசி ஆட்டம். மொத்தம் 12 அணிகள். சேதுவும் கேரளத்தின் கோகுலமும் அதுவரை ஆடிய பத்து ஆட்டங்களிலும் ஜெயித்திருந்தன. பேரன் போன் பண்ணி, “தாத்தா, மறக்காமப் பாருங்க” என்றான். நானும், அப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்த பேத்தியும் கைபேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தோம்.

மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு கோல் போட்டார். பேத்தி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று மாடியேறி வந்துவிட்டார். அவரையும் உட்கார வைத்தோம். அவர் வந்த ராசியோ என்னவோ, கோகுலம் முதலில் பெனால்டியில் ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று போட்டது. இடைவேளைக்குள் 3-1. நடுநடுவே படம் உறைந்து நிற்கும். ஒவ்வொரு முறையும், திரும்ப ஓடும்போது நாம் ஒரு கோல் போட்டிருப்போம் என்று மனசு சொல்லும். போடவில்லை. கடைசி வரை 3-1. கோப்பை கோகுலத்துக்கே போனது.

கீழ்வீட்டுக்காரர் பாதியில் எழுந்து போய்விட்டார். பேத்தி கடைசி விசில் வரை அசையவில்லை. “நம்ம டீம்ல நம்ம ஊரு அக்கா யாராச்சும் இருக்காங்களா தாத்தா?” என்று கேட்டாள். பண்ருட்டியிலிருந்து வந்து இந்தியாவுக்கே ஆடுகிற சந்தியா ரங்கநாதனைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அவங்க சின்னப் பிள்ளையா இருக்கையில எங்க விளையாடுனாங்க?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவள் உதைத்த பந்து நம் வளாகத்தில் நின்ற ஒரு காரில் பட்டது. கார்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை. “வயசுப் பிள்ளைக்கு என்ன பந்து?” என்று பிடுங்கிப் பரண்மேல் போட்டவன் நான்தான். வேலு நாச்சியார் பேரைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர்க்காரன்!

மறுநாள் பந்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மூலையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் விளையாடவே இல்லை. இப்போது வெளியூரில் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். அந்தப் பந்து மட்டும் காற்றுப் போய் என் வீட்டில் கிடக்கிறது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், போன வாரம் நம் வளாகத்தில் மூன்று சின்னப் பெண்பிள்ளைகள் பந்து உதைப்பதைப் பார்த்தேன். வண்டிச் சத்தம் கேட்டதும் பந்தை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். புவனேஸ்வரத்தில் ஓடியவர்களுக்கு நம்மால் கைதட்டத்தான் முடிந்தது. இந்த மூன்று பேருக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மேற்குப் பக்கத்தில் யாரும் வண்டி நிறுத்த வேண்டாம். இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆளாக என் ஸ்கூட்டரை நாளைக்கே கிழக்குப் பக்கம் மாற்றிவிடுகிறேன். புதுப் பந்தும் என் செலவு.