உறுமியும் மின் கித்தாரும்



தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு பினாங்குத் தண்ணீர்மலைச் சாலையில் நடந்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். இரு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள். பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. ஒரு பக்தி பாட்டு முடிவதற்குள் அடுத்த பந்தலின் பாட்டு வந்து மோதும். நடுவே காவடிக்கு முன்னால் உறுமி மேளம் முழங்கும். வெளியூர்க்காரர் காதைப் பொத்திக்கொள்வார். நமக்கோ உடம்பு சிலிர்க்கும். ஒருவருக்கு இரைச்சலாகப் படுவது இன்னொருவருக்கு வழிபாடாக இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய பேச்சைக் கேளுங்கள்.

எங்கள் அக்கா செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். அவருடைய மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறான். நல்ல பிள்ளை. சம்பளத்தில் பாதியைத் தாய்க்கு அனுப்பிவிடுவான். ஆனால், கறுப்புச் சட்டை போடுவான். சட்டையில் முள்வேலி பின்னியதுபோல் எழுத்துகள் இருக்கும். ஓய்வு நேரத்தில் அவன் கேட்கும் பாட்டு, பாட்டு என்று சொல்ல வாய் வராதபடி உறுமலும் அலறலுமாக இருக்கும்.

இதைப் பார்த்த யாரோ தோட்டத்தில் போய், "உங்க பையன் பேய்ப் பாட்டுக் கேட்கிறான், ஏதோ கும்பலில் சேர்ந்துட்டான்" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா தொலைபேசியில் அழுதார். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்டுக்கு வந்திடுடா" என்றார். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மாதம் தாயும் மகனும் பேசவில்லை. பணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அக்காவின் பயம் காரணமில்லாத பயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 2001-ஆம் ஆண்டில் நம் பக்கத்து மாநிலமான கெடாவில், பள்ளி மாணவர்கள் சிலர் 'பிளாக் மெட்டல்' கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று பெரும் பரபரப்பு எழுந்து, பள்ளிகளில் சோதனை நடந்தது. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் இந்த இசை முஸ்லிம்களுக்கு ஆகாது என்று முடிவு சொன்னது. வெளிநாட்டுச் செய்திகளும் நல்லவையாக இல்லை. நார்வே நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் இந்த இசைக் கூட்டத்தைச் சேர்ந்த சில இளைஞர்கள் பழைய மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். 1993-இல் ஓர் இசைக்கலைஞரையே இன்னோர் இசைக்கலைஞர் குத்திக் கொன்றார். இவை நடந்த உண்மைகள். இவற்றை மறைத்துப் பேசுவது சரியாகாது.

ஆனால் "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? ஆகவே விசாரித்தோம்.

இந்தக் கனத்த இசை எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு தொழிலாளர் ஊரில்! இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே டோனி அயோமி என்ற இளைஞர் இரும்புத் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்தார். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலக்கையில் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கக்காரர். கித்தார் கம்பிகளை அழுத்துவது அந்த வலக்கைதான். பிழைப்பும் போயிற்று, வாசிப்பும் போயிற்று என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவரோ ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பிற்பாடு, கம்பிகளின் முறுக்கையும் தளர்த்திக்கொண்டார். தளர்ந்த கம்பி தாழ்ந்த, கனமான ஒலி கொடுத்தது. அவரும் நண்பர்களும் சேர்ந்த 'பிளாக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. ஆலை விபத்தில் விரல் நுனிகள் போன ஒரு தொழிலாளி கண்டுபிடித்த ஒலியே இன்று உலகமெங்கும் 'மெட்டல்' என்று பரவியிருக்கிறது. பால் வெட்டும் கத்தியும் குலை அறுக்கும் அரிவாளும் பிடித்த கைகளுக்கு இந்தக் கதை புரியும்.

அந்த மரத்தில் பிற்காலத்தில் முளைத்த இரண்டு கிளைகள்தாம் 'டெத் மெட்டல்', 'பிளாக் மெட்டல்' என்பவை. முன்னது 1980-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் செழித்தது. அதில் கித்தார் மிகத் தாழ்ந்து ஒலிக்கும். பாடுகிறவர் அடித்தொண்டையில் உறுமுவார். பின்னதற்குப் பெயர் கொடுத்தது 'வெனம்' என்ற ஆங்கிலேயக் குழு 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டு. முழு உருவம் கொடுத்தவர்கள் நார்வேக்காரர்கள். அதில் கித்தார்க் கம்பியை இடைவிடாமல் வேகமாக மீட்டுவார்கள். குரல் உச்சத்தில் கிறீச்சிடும்.

கித்தார் ஏன் அப்படிக் கரகரக்கிறது? நம் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் குழல் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகினால் குரல் உடைந்து கரகரக்குமே, அதே தத்துவம்தான். ஒலிபெருக்கியால் தாங்க முடியாத அளவுக்கு மின்சாரம் ஏறும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகிறது. நாம் அதைப் பழுது என்போம். இவர்கள் அதையே வேண்டுமென்று உண்டாக்கி, அதைக்கொண்டு இசை செய்கிறார்கள். அந்த உறுமல் குரலும் வெறும் கத்தல் அல்ல. தொண்டையில் குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்புகள் இருக்கின்றன. வயிற்றிலிருந்து மூச்சைக் கொடுத்து அவற்றை அதிரவைக்கிறார்கள். பழகாதவர் செய்தால் தொண்டை புண்ணாகும்.

இவ்வளவும் விசாரித்த பிறகு பையனிடம், "உனக்கு மிகவும் பிடித்ததைப் போட்டுக் காட்டு, எல்லாரும் உட்கார்ந்து கேட்போம்" என்றோம். அவன் முதலில் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும், தோட்டத்தில் அவரோடு இருக்கும் எங்கள் அப்பாவையும் வரவழைத்தோம். அப்பா நாற்பது ஆண்டு ரப்பர் வெட்டும் செம்பனைக் குலை வெட்டும் பார்த்தவர். இளவயதில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உறுமி வாசித்தவர்.

பையன் போட்டது 'ருத்ரா' என்ற குழுவின் இசைத்தொகுப்பு. அவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். நமக்கு அடுத்த வீடான சிங்கப்பூரில் 1992-இல் இந்திய இளைஞர்கள் தொடங்கிய குழு அது. பாடுகிறவர் கதிர் என்பவர். அவர் வேதாந்தம் கற்றவர். பிறருக்குக் கற்பிக்கவும் செய்கிறார். பிளாக் மெட்டலையும் டெத் மெட்டலையும் வேத மந்திர ஓதலோடு கலந்து இவர்கள் செய்த சோதனைக்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வழங்குகிறது. முதல் தொகுப்பு 1998-இல் வந்தது. நாங்கள் கேட்டது 2005-இல் வெளிவந்த 'பிரம்மவித்யா: பிரைமோர்டியல் 1'. உபநிடதக் கருத்துகளை வைத்துச் செய்தது. பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே வடமொழி. இந்தக் குழுவைப் பற்றிச் சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தின் பேராசிரியர் யூஜீன் தைரியநாதன் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

கேட்ட அனுபவத்தை உள்ளபடி சொல்கிறோம். முதலில் அமைதியாக ஓதும் குரல் வந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த கணம் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டியதுபோல் பறை முழக்கம். அக்கா கும்பிட்ட கையைக் காதுக்குக் கொண்டுபோய்விட்டார். எங்களுக்கும் தலை கிறுகிறுத்தது. எது கித்தார், எது குரல் என்றே பிரிக்க முடியவில்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அப்பா மட்டும் அசையாமல் இருந்தார். சற்று நேரத்தில் அவருடைய விரல் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கியது. "கால்ல அடிக்கிறான்டா, ரெண்டு காலும் மாத்தி மாத்தி" என்றார். உண்மைதான், பெரிய முரசை இரு காலாலும் மிதித்து அடிப்பது இவர்கள் வழக்கம். இன்னும் சற்றுப் பொறுத்து, "இந்தக் கித்தாரு நம்ம உறுமி மாதிரியே இழுக்குது" என்றார்.

உறுமியைப் பார்த்திருப்பீர்கள். இடை சிறுத்த மேளம். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள்; அடிப்பதில்லை. அந்தத் தேய்ப்பில் எழும் உறுமல்தான் அருள் வந்து ஆடுபவரை ஆட்டுகிறது. அதையும் ஒரு காலத்தில் படித்தவர்கள் மதித்தார்களா? அப்பா அன்று ஒன்று சொன்னார். அவர் உறுமி வாசித்த நாளில், "இது காட்டுச் சத்தம், பிள்ளைகளைக் கெடுத்துவிடும்" என்று தோட்டத்துப் பெரிய மனிதர் ஒருவர் நிறுத்தச் சொன்னாராம். "அன்னைக்கு என் வயசு இவன் வயசுதான்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை.

பாட்டு ஒன்று முடிந்ததும் பையன் அதன் பெயரைச் சொன்னான்: 'அஹம் பிரம்மாஸ்மி'. நானே பிரம்மம் என்பது அதன் பொருள். உபநிடத மகாவாக்கியங்களில் ஒன்று. எழுத்துகளைக் கைப்பேசியில் காட்டி, வரிவரியாகத் தமிழில் விளக்கினான். அக்கா மெல்லக் கேட்டார்:

"சாமி பேரைச் சொல்றதுக்கு ஏன்டா இப்படிக் கத்தணும்?"

"கோபமா இருக்கறப்ப மெல்லிசா கேட்டா மனசுல ஏறமாட்டேங்குது, ம்மா. பன்னிரண்டு மணி நேரம் மிஷின்கிட்ட நின்னுட்டு வர்றேன். இதைக் கேட்டா உள்ள இருக்கற சத்தம் அடங்கிப் போவுது."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலையே, ம்மா. பேய்னு சொன்னீங்க."

இரண்டு மாதம் பேசாதவர்கள் பேசினார்கள். அக்காவுக்கு அந்தப் பாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் ஊர் திரும்பினார். ஆனால் வேலையை விட்டு வா என்ற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

நேயர்களே, இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, பாட்டின் சத்தத்தை வைத்துப் பிள்ளையின் குணத்தை முடிவு செய்யாதீர்கள். சொல்லை விசாரியுங்கள். இந்த வகைப் பாட்டுகளில் கொலையையும் வெறுப்பையும் பாடுபவையும் உண்டு; ஞானத்தைத் தேடுபவையும் உண்டு. எது எது என்று பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். வெறுப்பைப் பாடுவது எதுவானாலும், மெல்லிசையே ஆனாலும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, கவனிக்க வேண்டியது நடத்தையை. வேலைக்குப் போகிறானா, சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வருகிறானா என்று பாருங்கள். இவை கெட்டுப்போனால், அவன் எந்தப் பாட்டுக் கேட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

மூன்றாவது, காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. இது மெட்டலுக்கும் பொருந்தும், தண்ணீர்ப் பந்தல் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும், ஆலை இயந்திரத்துக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காதுக்கருவியில் சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றக்கூடாது. இரவு வேலை முடித்துப் பக்கத்து வீட்டார் தூங்கும் நேரத்தில் ஒலிபெருக்கியைத் தொடக்கூடாது. பையன் ஒப்புக்கொண்டான், இதுவரை மீறவில்லை.

போன தைப்பூசத்துக்கு அப்பா வந்திருந்தார். தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளம் முழங்கியது. பேரன் தாத்தாவின் கையைப் பிடித்துக் கூட்டத்தில் நின்றிருந்தான், அதே கறுப்புச் சட்டையோடு. தாத்தாவின் விரல்கள் பேரனின் உள்ளங்கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அக்கா பின்னால் பால்குடத்தோடு வந்துகொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கும் பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஒரு முறை அவனோடு உட்கார்ந்து கேளுங்கள்.