போனைப் பிடுங்கினால் பிள்ளை பேசாது

(தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு பற்றி, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தனை பேர் கிளப் ஹவுஸுக்கு வந்திருப்பது மகிழ்ச்சி. தாத்தா பாட்டிகள் நிறையப் பேர் வந்திருப்பது கூடுதல் மகிழ்ச்சி. பள்ளி வேன் வந்து நிற்கும் நேரம் முதல், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் வரை பல வீடுகளில் பிள்ளைகள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் உங்கள் போன்தான்.

செயலாளர் சார் என்னிடம் கேட்டது, "சின்னப் பிள்ளைகளிடம் போன் கொடுக்கலாமா, கூடாதா?" என்று. அந்தக் கேள்வியை நாம் தாண்டி வந்துவிட்டோம். 2020-ல் பள்ளிகளை மூடியபோது பாடம் போனுக்குள் வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே நின்றுவிட்டது. ஆகவே கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்பதைப் பேசுவோம்.

நாம் கொடுக்கும் போன் பெரியவர்களின் போன். அதில் வங்கி இருக்கிறது, யுபிஐ இருக்கிறது, எல்லோருடைய எண்ணும் இருக்கிறது. வீட்டுப்பாடத்துக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு செயலியை மட்டும் திறந்து பூட்டிக் கொடுக்க வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அதற்கு 'ஆப் பின்னிங்' என்று பெயர். ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்'. செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும். யுபிஐ செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

வீடியோ பார்க்க யூடியூப் கிட்ஸ் செயலி இருக்கிறது. அதில் தேடும் வசதியை நிறுத்திவிட்டு, நாம் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்கலாம். பிள்ளைக்கென்று தனியாக டேப்லெட் வாங்கியிருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் போடுங்கள். எந்தச் செயலி, எத்தனை நேரம் என்பதை உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும். நாலாவது படிக்கிற பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் திறந்து கொடுத்தால், அந்தச் செயலி பிள்ளையைப் பெரியவராகவே நடத்தும்.

இவையெல்லாம் ஒரு மணி நேர வேலை. ஆனால் பூட்டு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. பக்கத்து ஃபிளாட் நண்பனின் போனில் நம் பூட்டு கிடையாது.

"தெரியாதவர்களிடம் பேசாதே" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்குவதில்லை. ரோப்லாக்ஸிலோ ஃப்ரீ ஃபயர் மேக்ஸிலோ தினமும் கூட விளையாடுகிறவர் பிள்ளையின் கணக்கில் தெரியாதவர் இல்லை, நண்பர். அவருக்கு என்ன வயது, எந்த ஊர் என்பதைப் பிள்ளை கேட்பதும் இல்லை. அதனால் ஆளைச் சொல்லாமல் கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள். எந்தப் பள்ளி, எந்த அபார்ட்மெண்ட், வீட்டில் யார் இருக்கிறார்கள், ஒரு போட்டோ அனுப்பு, கேமராவைப் போடு, ஓடிபி சொல்லு: இவற்றில் எதை யார் கேட்டாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும். இலவச டைமண்ட், இலவச ரோபக்ஸ் என்று வரும் லிங்க்கும் இந்தப் பட்டியலில் சேரும்.

இன்னொன்றை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லிக் கொடுங்கள். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னவர் மாமாவாக இருந்தாலும் சரி, டியூஷன் அண்ணனாக இருந்தாலும் சரி.

இப்போது கடினமான பகுதி. பிள்ளை வந்து சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "உன்னை யார் அதைத் தொடச் சொன்னது?" என்று கேட்கிறோம். போனைப் பிடுங்கி அலமாரியில் வைக்கிறோம். நமக்கு அது பாதுகாப்பு. பிள்ளைக்கு அது தண்டனை. உண்மையைச் சொன்னால் போன் போகும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை சொல்லாது. மிரட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "வீட்டில் தெரிந்தால் உன்னைத்தான் திட்டுவார்கள்" என்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஆயுதம். அந்த வாக்கியத்தை நாம் உண்மையாக்கக் கூடாது.

ஆகவே இன்று இரவே பிள்ளையிடம் வாக்குக் கொடுங்கள்: "என்ன நடந்தாலும் சொல்லு. நீ சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன், திட்டவும் மாட்டேன்." பிள்ளை ஒருநாள் வந்து சொல்லும்போது, உள்ளே பதறினாலும் முதல் வார்த்தை "நல்லவேளை, சொன்னாய்" என்று இருக்கட்டும். எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு வேறு. அதை வழக்கம்போல வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதற்குத் தண்டனையாக மட்டும் அது வரக் கூடாது. தாத்தா பாட்டிகளும் இதே வாக்கைக் கொடுக்க வேண்டும். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று பாசத்தில் சொல்வதையும் விட்டுவிடுங்கள். நல்ல ரகசியம் எது, கெட்ட ரகசியம் எது என்று பிரிக்கும் வயது அவர்களுக்கு இல்லை.

தவறாக ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை. செய்திகளை அழிக்காதீர்கள், எதிராளியின் பெயர், எண், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. பிள்ளைக்கு ஆபத்து, மிரட்டல் என்றால் 1098. 24 மணி நேரமும் இலவசம். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.

குழந்தையிடம் ஆபாசப் படம் காட்டுவதும், பாலியல் நோக்கத்தோடு இணையத்தில் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். இப்படி நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதும் குற்றம். குழந்தையின் ஆபாசப் படம் ஏதாவது கண்ணில் பட்டால், "பாருங்கள், இப்படி ஒன்று சுற்றுகிறது" என்று யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

அடுத்து, பள்ளி. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வீட்டுப்பாடத்துக்கு எந்தச் செயலி, அதில் பிள்ளையைப் பற்றி என்னென்ன விவரம் கொடுத்திருக்கிறீர்கள்? ஆண்டுவிழாப் படங்களை எங்கே போடுகிறீர்கள்? பிள்ளைக்கு இணையத்தில் தொந்தரவு என்றால் பள்ளியில் யாரிடம் சொல்ல வேண்டும்? கேட்கத் தயங்க வேண்டாம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

கடைசியாக நம் வளாகம். பள்ளியைக் கேட்கிற நாம் நம்மையும் கேட்க வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். காலி செய்து போனவர்கள்கூட இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குழுவில்தான் பிறந்தநாள் படத்தோடு பிள்ளையின் பெயரும் ஃபிளாட் எண்ணும் வருகின்றன. கார் கண்ணாடியில் பந்து பட்டால் சிசிடிவி காட்சி வருகிறது, "இது எந்த வீட்டுப் பையன்?" என்று கேள்வி வருகிறது, பத்து நிமிடத்தில் பிளாக், ஃபிளாட், பள்ளி எல்லாம் பதிலாக வந்துவிடுகின்றன. இதையெல்லாம் வெளியில் சொல்லாதே என்று நாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவை இவைதான். தன் படம் இருநூறு போன்களில் சுற்றியதைப் பார்த்த பையன், நாளைக்கு ஒரு தொல்லை வந்தால் இந்த வளாகத்தில் எந்தப் பெரியவரை நம்பிச் சொல்வான்?

எனவே செயற்குழுவிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, பிள்ளைகள் இருக்கும் சிசிடிவி காட்சியைக் குழுவில் யாரும் போடக் கூடாது. புகார் இருந்தால் சங்க அலுவலகத்தில் அந்தப் பெற்றோரை மட்டும் அழைத்துக் காட்டட்டும். இரண்டு, விழாப் படங்களைப் பெற்றோர் சம்மதத்தோடு, பெயரும் ஃபிளாட் எண்ணும் இல்லாமல் போடலாம். மூன்று, காலி செய்து போனவர்களை மாதம் ஒருமுறை குழுவிலிருந்து நீக்க வேண்டும். 1930, 1098 என்ற எண்களை ஒவ்வொரு பிளாக் லிஃப்ட்டிலும் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

போனில் பூட்டு போடத் தெரியாதவர்கள் தயங்காமல் போனோடு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் இங்கேதான் இருப்பேன்.