வண்டி எப்போது கொதித்தது?

அம்பாசிடர் கார் ஹீட் ஏறி நின்றுவிட்டால் மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது, அது எப்போது கொதித்தது என்பதைத்தான். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வந்த லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோதா? சேலத்திலிருந்து திரும்புகையில் தொப்பூர் கணவாய் ஏற்றத்திலா? ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இதைக் கேட்பவரே கைதேர்ந்தவர். பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான இந்தக் கார், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது. நெடுங்காலம் அதில் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். விசிறிக்குத் தனி மோட்டார் கிடையாது. விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் சோர்ந்துவிடும். ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை ஈடுகட்டும்.

ஆகவே நெரிசலில் மட்டும் ஹீட் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், காற்று போதவில்லை என்று பொருள். பெல்ட்டின் நீண்ட பக்கத்தை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் உள்வாங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். ரேடியேட்டர் முகப்பில் பூச்சியும் புழுதியும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

ஏற்றத்திலும் வேகத்திலும் கொதித்தால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் தடைபட்டிருக்கும். இதில் பாலக்கோடு வட்டாரத்துக்கு முக்கியமானது போர் தண்ணீர். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரைப் பற்றிப் பேசினால் ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. எஞ்சினுக்குப் பகை வேறு: சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகள். உப்புத் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டுகிறதல்லவா, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் நடக்கிறது. குறையக் குறைய அதே தண்ணீரை ஊற்றினால், ஆவி மட்டும் வெளியே போகும், உப்பு உள்ளேயே தங்கும்.

இந்த அடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். சூடான எஞ்சினை நிறுத்தி, விசிறி முற்றிலும் நின்ற பிறகு, ரேடியேட்டர் முகப்பின் அருகே உள்ளங்கையை மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். அடைபட்ட இடத்தில் மட்டும் சூடு குறைந்திருக்கும். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் பற்றவைப்பை நீக்கி மேல் டேங்கைத் திறந்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம். தூக்கி எறியத் தேவையில்லை. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயையும் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் வராமல், கம்பியால் குத்திய பிறகு செங்காவிச் சேறு வழிந்தால், பிளாக்கின் அடியிலும் துரு நிறைந்திருக்கிறது. கீழ் ஹோஸையும் விடக்கூடாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போனால், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் சப்பிக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பட்டறைகளில் பழகிப்போன வைத்தியம். அது தவறு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் சரியாக எரியாது, ஆயிலில் கலக்கும், சிலிண்டர் தேயும். அடைப்பும் அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் மறுபடி கொதிக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் அதைத் தொங்கவிட்டு, தெர்மாமீட்டருடன் காய்ச்சலாம். மேலே பொறித்திருக்கும் சூட்டை ஒட்டித் திறந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட்.

காற்றும் தண்ணீரும் சரியாக இருந்தால், டைமிங் பின்தங்கியிருக்கலாம், கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகத் தரலாம், பிரேக் பிடித்தபடியே ஓடலாம். ஓடி வந்தவுடன் நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையை நீட்டினால் பிரேக் கதை தெரிந்துவிடும்.

எல்லோரும் அஞ்சுவது ஹெட் கேஸ்கெட். அதைச் சோதிக்க, ஆறிய எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் சூடாவதற்கு முன்பே குமிழி தொடர்ந்து வந்தால் கேஸ்கெட் போய்விட்டது. பம்ப் சுற்றாததால் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். ஆயில் பால் கலந்த டீ போல மாறியிருந்தாலும் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

மிக மலிவான பொருள் ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கினால், தண்ணீர் ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தக் காப்பு போய்விடும். இவ்வளவையும் பார்த்த பிறகு, போர் தண்ணீருக்குப் பதில் வாலை வடிநீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவது நல்லது. வழியில் கொதித்து நின்றால் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விட்டுவிடும்.