மாடு மேய்த்தவன் ஓதிய மறை



பிரஞ்சு நாட்டு இலியோன் நகரில், 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், வால்தேசு என்னும் பெருவணிகர் வாழ்ந்தார். ஏறத்தாழ 1173இல் தம் பொருளையெல்லாம் ஏழையர்க்கு ஈந்து வறுமை நோன்பு பூண்டார். அதை உரோமைத் திருவவை வெறுக்கவில்லை. அவர் செய்த வேறொரு செயலையே அதனால் பொறுக்க இயலவில்லை. குருமார் இருவர்க்குக் கூலி கொடுத்து, ஒருவர் மொழிபெயர்க்க மற்றவர் எழுத, இலத்தீனில் பூட்டிக் கிடந்த நற்செய்தி நூல்களைத் தம் ஊர்மக்கள் பேசும் மொழியில் ஆக்கிக் கொண்டார். பின்னர் அவரும் அவரைச் சார்ந்த ஆடவரும் பெண்டிரும் தெருத்தெருவாய் நின்று அவற்றை எடுத்துரைத்தனர்.

1179இல் உரோமையில் கூடிய பேரவைக்கு அவர்கள் தம் மொழிபெயர்ப்பையும் எடுத்துச் சென்றனர். போப்பு மூன்றாம் அலெக்சாந்தர் நோன்பை ஏற்றார். ஊர்க் குருமார் இசைவின்றிப் பேசலாகாது என்று வாயைக் கட்டினார். அங்கே அவர்களை உசாவியவர் வால்தர் மாப்பு என்னும் ஆங்கிலக் குரு. தந்தையை, மகனை, தூய ஆவியை நம்புகிறீர்களா என ஒவ்வொன்றாகக் கேட்டார். நம்புகிறோம் என்றனர். மகனின் தாயை? அதற்கும் நம்புகிறோம் என்றனர். அவை முழுதும் நகைத்தது! கடவுளுக்கு உரிய சொல்லைத் தாய்க்கும் சொன்னது கல்லாமையாம். அதே மாப்பு தம் நூலில் என்ன எழுதி வைத்தார், தெரியுமா? இவர்களை உள்ளே விட்டால் நாம் வெளியே துரத்தப்படுவோம் என்று! நகைப்புக்குள் இருந்த நடுக்கம் அது.

1184இல் வெரோனாவில் போப்பு மூன்றாம் இலூசியசு இவர்களைத் திரிபுக் கொள்கையர் என விலக்கி வைத்தார். 1229இல் துலூசில் கூடிய ஆயர் மன்றம், பொதுமக்கள் மறைநூல் வைத்திருப்பதையே தடுத்தது. வழிபாட்டுக்குரிய சில நூல்களை மட்டும் விட்டது. அவையும் தாய்மொழியில் இருத்தலாகாது என்றது.

ஏட்டைப் பறித்தனர், நெஞ்சிலிருந்ததைப் பறிக்க இயலவில்லை. திரிபுக் கொள்கையரைத் தேடி ஒறுத்த இசுத்தேவான் என்னும் துறவி, மாடு மேய்க்கும் இளைஞன் ஒருவனைத் தாம் கண்டதாக எழுதுகிறார். வால்தேசியர் வீட்டில் ஓராண்டே இருந்த அவன், ஞாயிற்றுக்கிழமைக்குரிய நற்செய்திப் பகுதிகள் 40ஐக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தான். அதுவும் தன் தாய்மொழியில், சொல்லுக்குச் சொல்! இதைக் குற்றச்சாட்டாகவே எழுதினார் அத்துறவி. பகைவர் தந்த சான்று என்பதால் இதனை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பின்னாளில் ஆல்ப்சு மலைப் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கிய அம்மக்கள், ஊர் ஊராய் இருவர் இருவராகச் சென்ற தம் ஓதுநரைப் 'பார்பா' என்றழைத்தனர். அவர்கள் மொழியில் அது மாமனையும் சிற்றப்பனையும் குறிக்கும் சொல். உரோமைக் குருவோ 'தந்தை'! அழைக்கும் முறையிலேயே எதிர்ப்புத் தெரிகிறது பாருங்கள்.

1545இல் மெரிந்தோல் எரிந்தது. 1655இல் பீதமோந்து பள்ளத்தாக்கில் குருதி ஓடியது. 1848இல்தான் நாட்டுரிமை கிட்டியது. 2015ஆம் ஆண்டு சூன் திங்களில், துரின் நகரில் அவர்களின் கோயிலுக்கே சென்று, போப்பு பிரான்சிசு பொறுத்தருள வேண்டினார். அவ்வாண்டு ஆகத்தில் கூடிய அவர்களின் பேரவை அவ்வேண்டுகோளை நன்றியுடன் ஏற்றது. ஆயினும், குருதி சிந்தியவர்களுக்கு மாற்றாக நின்று பொறுத்தருளும் உரிமை தமக்கில்லை என்று விடை எழுதியது.