எந்தக் காயை எங்கே வைப்பது?



சந்தையிலிருந்து பை நிறையக் காய் வாங்கி வந்ததும் நம்மில் பலர் செய்வது இதுதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவுகிறோம். ஈரம் காய்வதற்குள் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அடுக்கிவிடுகிறோம். நாலாம் நாள் எடுத்துப் பார்த்தால் கத்தரிக்காயின் தோலில் குழி குழியாகப் பழுப்பு, வெண்டைக்காயில் கறுப்பு, கொத்தமல்லி அழுகி நாற்றம். கடைக்காரர் பழைய காயைக் கொடுத்துவிட்டார் என்று அவர்மேல் வருத்தப்படுகிறோம். காலையில் பறித்த காயாகவே இருந்தாலும், அப்படி வைத்தால் இதே கதிதான்.

செடியிலிருந்து பறித்த பிறகும் காய்க்கு உயிர் உண்டு. அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. தன்னிடம் சேர்ந்திருக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. வேரிலிருந்து இனிமேல் தண்ணீர் வராது, இலையிலிருந்து உணவும் வராது. இருப்பதைச் செலவழித்துத்தான் அது வாழ வேண்டும். சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு இரண்டு மடங்கு, மூன்று மடங்காகிறது. அதனால்தான் குளிர்ச்சியில் வைக்கிறோம். ஆனால் எவ்வளவு குளிர்ச்சி என்பது காய்க்குக் காய் மாறும்.

நம் காய்கறிக் கடைகளில் ஊட்டிக் காய், நாட்டுக் காய் என்று பிரித்துச் சொல்வார்கள் இல்லையா? பாதுகாக்கும் வழிக்கு அந்தப் பிரிவே பெரும்பாலும் போதும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் எல்லாம் குளிர் தாங்கும் பயிர்கள். ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரி அவற்றுக்குச் சுகம். கத்தரி, வெண்டை, வெள்ளரி, பாகல், தக்காளி ஆகியவை வெயிலில் விளைபவை. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் அவற்றின் திசு கெட்டுப்போகிறது. உள்ளே இருக்கும்வரை பார்க்க நன்றாகவே இருக்கும். வெளியே எடுத்து வைத்த பிறகு சில மணி நேரத்தில் குழி விழும், விதை கறுக்கும். தக்காளியைப் பாருங்கள், செங்காயாக இருக்கும்போதே குளிரில் வைத்தால் சரியாகப் பழுக்காது, மணமும் போய்விடும். கூடையில் வைத்துப் பழுக்கவிட்டு, நன்றாகப் பழுத்ததை மட்டும் உள்ளே வைக்கலாம்.

‘சித்திரை வெயிலில் கத்தரிக்காயை வெளியே வைத்தால் ஒரே நாளில் சுருங்கிவிடுகிறதே’ என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்த மாதங்களில் அதைத் துணியில் சுற்றி, ஃபிரிட்ஜில் குளிர் குறைந்த இடமான கதவுப் பக்கம் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள். அதற்குமேல் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது தண்ணீர். கீரை தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீரை இழந்தாலே வாடிவிடும். அதற்காக ஈரத்தோடு மூடி வைத்தால் அழுகும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது நம் பழைய பருத்தித் துணி. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை எதையும் கழுவாமல், அழுகிய இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, உலர்ந்த துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். துணி நனைந்துவிட்டால் மாற்றுங்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். முள்ளங்கி, பீட்ரூட், கேரட் தழையோடு வந்தால் வந்த உடனே தழையை அரிந்துவிடுங்கள். கிழங்கிலுள்ள தண்ணீரைத் தழை இழுத்துக்கொண்டே இருக்கும். முள்ளங்கித் தழை அன்றைக்கே பொரியலுக்கு ஆகும்.

வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள், தக்காளி இவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, நமக்குத் தீங்கும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் மட்டும் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். கேரட் கசக்கத் தொடங்குவதும் இதனால்தான். பழக்கூடையைத் தள்ளி வையுங்கள்.

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் கொட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். உருளைக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும். அதனுடன் சேர்ந்து சோலனின் என்ற நச்சும் கூடும், வேகவைத்தாலும் அது போகாது. பச்சைப் பகுதியை ஆழமாகச் சீவி எறியுங்கள். கசந்தால் முழுவதையும் எறியுங்கள். ஊட்டியில் விளைந்தாலும் உருளைக்கு ஃபிரிட்ஜ் ஒத்துவராது. மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுவல் கருகி இனிக்கும். வெங்காயத்துக்கு வேண்டியது காற்று. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, காற்றோடும்படி பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அதைப் பரத்தி வைக்க ஒரு மூங்கில் தட்டு போதும். உருளை விடும் ஈரம் பட்டால் வெங்காயம் முளைவிட்டு அழுகத் தொடங்கும்.

பூசணியை முழுதாக, காம்போடு வாங்கினால் சமையலறை மூலையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். வெட்டிய பிறகு முதலில் கெடுவது நடுவிலுள்ள விதையும் நாரும்தான். அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, துண்டை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கும் ஒரு நல்ல வழி உண்டு. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் மின்சாரம் வேண்டாத குளிர் அறை ஒன்றை வடிவமைத்தது. செங்கல்லால் இரட்டைச் சுவர், இடையில் மணல், காலையும் மாலையும் மணல்மேல் தண்ணீர். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நல்ல கோடையில் உள்ளே 10 டிகிரிக்கும் மேல் குறையும், ஈரப்பதமும் நிற்கும். நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் இதே தத்துவத்தில், பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, நடுவில் ஈரமணல் நிரப்பி ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார். அதற்காக 2000-ஆம் ஆண்டு ரோலக்ஸ் விருது பெற்றார். கத்தரிக்கும் வெண்டைக்கும் இந்த மிதமான குளிர்ச்சி, என் எண்ணத்தில், ஃபிரிட்ஜைவிட நல்லது. இரண்டு பானையும் கொஞ்சம் ஆற்று மணலும் கிடைத்தால் நீங்களே செய்யலாம். மேலே ஈரத்துணி போட்டு, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். கரூர், சேலம் மாதிரி வறண்ட காற்று வீசும் ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. அங்கே இருப்பவர்கள் நாட்டுக் காயை இரண்டு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள்.