களஞ்சியமும் காவலும்



நூலைக் காப்பது தமிழர்க்குப் புதிய கவலை அன்று. ஓலைச்சுவடி கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் என்பதை அறிந்த முன்னோர், பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். எங்கே படியெடுப்போர் இல்லாது போயினரோ, அங்கே நூலும் இல்லாது போயிற்று. அரிய நூல்களை ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பதன் இடருக்கு யாழ்ப்பாணப் பொது நூலகமே சான்று. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின.

இன்று நூல்களும் இதழ்களும் ஒலிப்பதிவுகளும் கணினியின் வட்டுகளில் குடியேறியுள்ளன. எந்த வட்டும் என்றேனும் ஒருநாள் பழுதாகும். இதனை எதிர்கொள்ளும் ‘ரெய்டு’ என்னும் முறையை, 1988இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் விளக்கினர். அதன் உட்பொருளை எளிய கணக்கால் உணரலாம். மூன்று வட்டுகளில் 4, 7, 9 என்னும் எண்கள் உள்ளன என்க. நான்காம் வட்டில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20 எழுதப்படுகிறது. இரண்டாம் வட்டு அழிந்தால், 20இலிருந்து 4ஐயும் 9ஐயும் கழிக்க, இழந்த 7 மீண்டு வருகிறது. இத்தகைய வட்டுத் தொகுதியை வலைப்பின்னலில் இணைத்துவிட்டால், அலுவலகத்தின் கணினிகள் அனைத்தும் அதனைப் பொதுக் களஞ்சியமாகக் கொண்டு இயங்கும்.

இந்த நன்மைக்குள்ளேயே ஓர் இடரும் மறைந்து நிற்கிறது. ஒரு வட்டு பழுதானாலும் பணி நிற்பதில்லை. ஆதலின் பயன்படுத்துவோர் எவரும் குறை காணார். பழுதை அறிந்து வட்டை மாற்றுவார் இல்லையெனில், இரண்டாம் வட்டும் விழும் நாளில் அனைத்தும் போய்விடும். ஆகவே களஞ்சியம் அமைத்தவுடன் காவலும் அமைய வேண்டும். வட்டின் வெப்பம், பழுதான பகுதிகளின் எண்ணிக்கை, எஞ்சியுள்ள இடம் ஆகியவற்றை நாள்தோறும் நோக்குவது ஒன்று. எழுதியது எழுதியவாறே உள்ளதா எனக் குறித்த கால இடைவெளியில் முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது மற்றொன்று.

இவற்றாலும் தீராத இடர் மனிதக் கை தவறுவது. ஒருவர் ஒரு கோப்பை அழித்தால், ரெய்டு அந்த அழிவையும் உண்மையாகவே நிறைவேற்றும். அதற்கு மருந்து, வேறிடத்தில் வைக்கும் ‘பேக்கப்’ என்னும் காப்புப் படியே.

அக் காப்புப் படிக்கும் காவல் வேண்டும் என்பதை 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது உணர்த்திற்று. இரவில் ஒரு பழுதைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர், துணைக் கணினியில் இடவேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மைக் கணினியில் இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் நாலரை ஜிகாபைட்டே எஞ்சிற்று. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய காப்புப் படியைத் தேடியபோது, வைக்குமிடம் வெறுமையாக இருந்தது. படியெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால், அப்பணி தோல்வியுற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதனை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு படியே கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் மீளவில்லை. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்டமையால், பிறரும் பாடம் கற்க முடிந்தது.

அப் பாடம் யாது? தோல்வியுற்றால் செய்தி வரும் என்று காத்திருப்பது காவல் ஆகாது. செய்தி கொணர்வோனே வழியில் விழுந்துவிடலாம். நாள்தோறும் ‘நலம்’ என்னும் செய்தி வரவேண்டும். வராத நாளே அபாய நாள் எனக் கொள்ள வேண்டும். கோவிலில் நாழிகை தவறாது ஒலிக்கும் மணி ஒருநாள் ஒலிக்காவிடின், ஊரார் என்னவென்று போய்ப் பார்ப்பர் அன்றோ?

இதனினும் முதன்மையானது மீட்டுப் பார்த்தல். திறந்து படித்துப் பாராத காப்புப் படி, உள்ளே நெல் உண்டா பதர் உண்டா என்று அறியாத குதிரை ஒக்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், காப்புப் படியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டு, எழுத்துப் பிழையின்றித் திறக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்துக்கு இது புறத்துச் செய்தி அன்று. ஆற்றிய உரைகளும், மறைந்த அறிஞர்தம் குரலும், மலர்களின் அச்சுப் படிகளும் இன்று கோப்புகளாகவே உள்ளன. அவற்றை மூன்று படியாக்கி, ஒன்றை வேற்றூரில் வைத்து, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைத்தல் நன்று. எல்லோரும் பார்த்துக்கொள்வர் என்று விடப்பட்ட களஞ்சியத்தைக் கரையானே பார்த்துக்கொள்ளும்.