ஓடைப்பக்கத்து வீடு வாங்கமுன்

வரிக் கணக்கோடு வருகிற எங்கடை சனம் புதுவீட்டுக் கடன் பத்திரத்தையும் காட்டுவார்கள். வீடு ஸ்காபுறோவில் ஹைலண்ட் ஓடைப் பக்கம் என்றால், வட்டிவீதத்துக்கு முதல் நான் கேட்பது, "வளவு வெள்ளக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகுதோ?" என்றுதான்.

1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மழையை அளவாக வைத்தே றொரன்ரோவில் பெரும்பாலும் வெள்ளப்பகுதியின் எல்லை வரையப்படுகிறது. அதற்குள் ஓர் அறை கூட்டிக் கட்டவோ, மண் கொட்டி நிலத்தை உயர்த்தவோ மாநகர அனுமதி மட்டும் போதாது. றொரன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். உறுதியில் ஒரு வரியும் இல்லாவிட்டாலும் இதுதான் சட்டம். அவர்களின் இணையத்தள வரைபடத்தில் முகவரியை அடித்துப் பாருங்கள். வீட்டு முகவர் சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

கூரைப் பீலித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாய்க்குள் விடுவதற்கு, விலக்குப் பெற்றவர்களைத் தவிர, 2016 கடைசியிலிருந்து நகரெங்கும் தடை.

இனிக் காப்புறுதி. குழாய்வழி பின்வாங்கி வரும் நீர், வெளியிலிருந்து புகும் வெள்ளம் இரண்டும் வழமையான வீட்டுக் காப்புறுதியில் தானாக அடங்குவதில்லை. தனித்தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும். பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற குடும்பத்தின் சாமான்களுக்கு உங்கள் காப்புறுதி காசு தராது. அவர்கள் தாங்களே வாடகையாளர் காப்புறுதி எடுக்கவேண்டும். திறப்பைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.